பாவுக்கஞ்சி குடிக்க வந்த பள்ளிக்கூட மாடு

நண்பர்களே, இன்று காலை எங்கள் தெருவில் ஓர் ஆறு ஓடியது. கரையிலிருந்து கரைவரை அரக்குச் சிவப்புப் பட்டு.

எதிர்வீட்டுப் பொன்னம்மா கல்யாணப் புடவை நெய்வதற்கான நீள இழைகளுக்கு, அதாவது பாவுக்கு, விறைப்பாகக் கஞ்சி போட்டு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலியிடத்தில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தாள். இளவெயிலில் அது மினுங்க, நான் பாதி உறக்கத்தில் அதன்மேல் படகு விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பள்ளிக்கூட மேனேஜர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். பிள்ளைகளைக் கொண்டுவரும் வண்டிகள் பெருகிவிட்டனவாம். வண்டிப்பேட்டையை இந்த இடம்வரை நீட்டப் போகிறாராம். எல்லைக்கு முளைக்குச்சியும் அடித்தார்.

"இங்க வண்டி நின்னா நாங்க பாவ எங்க சாமி போடறது? வானத்துலயா?" என்றாள் பொன்னம்மா.

"ஓரமா வண்டி நின்னா உனக்கு என்னம்மா நஷ்டம்?"

பதிலை அவருடைய மாடே சொன்னது. கஞ்சி வாசனை பிடித்து நேரே பாவு இழைகளை நக்கப் போய்விட்டது.

"ஐயோ, புடி சாமி! பட்ட நக்கிக்கினு இருக்குது!"

மேனேஜர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிலாயமே பெயர்ந்திருக்கும், மாடு பெயரவில்லை. பின்னாலிருந்து நானும் தள்ளினேன், வாயால்.

ஒருவழியாக மாடு ஒரு முழம் நகர்ந்தது. நல்லவேளை, சேதம் ஓர இழைகளோடு போயிற்று. பாவு உலரும்வரை மேனேஜர் கயிற்றை விடாமல், கனவில் நிற்பவர்போல் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முளைக்குச்சியைத் தாமே பிடுங்கினார்.

"ஒரு மாட்டுக்கே இந்தப் பாடு. வேற எடம் பாக்கறேம்மா."

ஆகவே வண்டிப்பேட்டைக்கு இடம் தேவை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டு வாசலானால் உத்தமம். கஞ்சி மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.