வயது தெரியாத லொறி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 19, வயது தெரியாத ஒரு லொறியில் வட லண்டன் எட்மண்டனில் இருந்து என்ஃபீல்ட் வரை போய்வந்தேன்.

வயது தெரியாது என்று நான் சொல்லவில்லை. பிரித்தானிய அரசாங்கம் சொல்கிறது. இந்த நாட்டில் ஒரு வாகனத்தின் இலக்கத்தைப் பார்த்தே அது பிறந்த வருடத்தைச் சொல்லிவிடலாம். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாத வாகனங்களுக்கு 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுக்கிறார்கள். நாங்கள் போன லொறிக்கு முன்னாலும் கியூ, பின்னாலும் கியூ.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பலவீனம் தெரியும். கல்யாண அழைப்பிதழ் வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னர், திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று கலண்டரைப் பார்க்கிறவன் நான். அப்படிப்பட்ட ஒருவனை வயது தெரியாத லொறியின் முன் சீட்டில் ஏற்றினால் அவனுக்கு எப்படி இருக்கும்?

நன்றாக இருந்தது. அதுதான் ஆச்சரியம்.

முதலில் இருந்து சொல்கிறேன். எட்மண்டனில் என் நண்பர் தவம் அண்ணையின் பக்கத்து வீட்டில் ஸ்டான்லி என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். எழுபது கடந்தவர். அவருடைய தகப்பன் மரக்கறி வியாபாரி. தகப்பன் ஓட்டிய சின்ன லொறி வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் முப்பது வருடமாக அசையாமல் நின்றது. பதிவுப் புத்தகத்தில் வருடம் 1938.

1988 தொடக்கத்தில் ஸ்டான்லிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இனித் தனியே இருக்க முடியாது என்று என்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். போகும்போது லொறியைத் தவம் அண்ணையிடம் கொடுத்தார். தவம் அண்ணைக்கு பஸ் கராஜில் மெக்கானிக் வேலை. அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் லொறிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தவர்.

ஸ்டான்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த நம்பர் தெருவில் ஓட வேண்டும். வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்."

தவம் அண்ணை கை கொடுத்தார். வில்லங்கம் முழுவதும் அந்தக் கைகுலுக்கலில்தான் இருந்தது.

லொறியின் மேற்பாகம் நன்றாகவே இருந்தது. கீழேதான் ஒன்றும் இல்லை. ஒரு வண்டிக்கு முதுகெலும்பு சேஸி. எஞ்சினும் சில்லுகளும் உடலும் எல்லாமே அதன் மேலேதான் நிற்கின்றன. தவம் அண்ணை அந்த சேஸியை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். பொரித்த அப்பளம் போல உடைந்து விழுந்தது.

அதே நேரம் ஈஸ்ட் ஹாமில் ஒரு முற்றத்தில் ஜப்பான் பிக்கப் ஒன்று கிடந்தது. 1987 ஒக்டோபர் புயல் ஞாபகம் இருக்கிறதல்லவா... அன்று அதன் கூரையில் ஒரு மரம் விழுந்துவிட்டது. மேலே சப்பளிந்து போயிற்று. கீழே ஒரு கீறல் இல்லை. சேஸியும் எஞ்சினும் புதிது போல.

மேலே போனது ஒன்று, கீழே போனது மற்றது. சேர்த்தால் ஒரு முழு லொறி... தவம் அண்ணையின் கணக்கு அவ்வளவுதான்.

"ரெண்டு பிணத்தை ஒட்டினா ஒரு ஆள் எழும்புவாரோ?" என்று கேட்டார் அவருடைய மனைவி மலர் அக்கா.

"நீ பாத்துக்கொண்டிரு."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். போன வருசம் கழட்டி வைச்ச வோஷிங் மெஷினும் இன்னும் அப்பிடியேதான் கிடக்கு."

நான் ஹரோவில் இருந்து ஞாயிறு தோறும் போனேன். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. எனவே படம் எடுத்தேன், எழுதி வைத்தேன். எந்த நாள் எது கழற்றப்பட்டது, எது பூட்டப்பட்டது, யார் யார் நின்றார்கள், எத்தனை தரம் தேநீர் வந்தது... எல்லாமே ஒரு தடித்த கோப்பில். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் '1938' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பொருத்திப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மட்காட்டைச் சில்லுக்கு நேரே வைத்தால், எஞ்சின் சாரதியின் காலுக்குள் வந்து நின்றது. எஞ்சினுக்கு இடம் விட்டால், சில்லு மட்காட்டுக்கு வெளியே போய் நின்றது. வித்தியாசம் ஏழு அங்குலம். தவம் அண்ணை நான்கு ஞாயிறு அந்த ஏழு அங்குலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது ஞாயிறு, சேஸியை வெட்டிக் கட்டையாக்கப் போவதாகச் சொன்னார்.

மலர் அக்கா தையல்காரி. எட்மண்டன் தமிழ்ப் பெண்களின் சட்டைகளில் பாதி அவருடைய மெஷினில் இருந்து வந்தவை. தேநீர்த் தட்டுடன் வந்தவர் லொறியை ஒரு பார்வை பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, உடம்புக்கு அளவாச் சட்டை தைக்கிறதோ, சட்டைக்கு அளவா உடம்பை வெட்டுறதோ?"

தவம் அண்ணை தட்டில் இருந்து தேநீரை எடுத்தார்.

"கீழ கிடக்கிறது உடம்பு. மேல இருக்கிறது சட்டை. சட்டை கட்டை எண்டா ஒட்டுப் போட வேணும். உடம்பில ஏன் கை வைக்கிறியள்?"

"ஒட்டுப் போட்டாத் தெரியுமடி."

"தெரியிற இடத்தில போட்டாத் தெரியும்."

அடுத்த ஞாயிறு அவர் பிரவுண் பேப்பரும் சோக்கும் அளவு நாடாவும் கொண்டு வந்தார். எஞ்சினை மூடும் பொனற்றின் பின் ஓரத்தில், சாரதி கூண்டோடு சேரும் இடத்தில், ஒரு தடித்த இரும்பு விளிம்பு ஓடுகிறது. அந்த விளிம்புக்கு உள்ளே ஏழு அங்குல ஒட்டு வரவேண்டும் என்றார். மடிப்புக்குள் மறைகிற ஒட்டை எந்தக் கண்ணும் பிடிக்காதாம். மட்காட்டின் அடிப்பாகம், கால் மிதிக்கும் பலகை, கூண்டைச் சேஸியில் தாங்கும் பிடிகள்... எல்லாவற்றுக்கும் பேப்பரில் வெட்டுத் துண்டுகள். சட்டைக்கு வெட்டுவது போலவே ஒவ்வொன்றிலும் 'முன்', 'பின்', 'இடம்', 'வலம்' என்று எழுதி இருந்தது.

தவம் அண்ணை அதைப் பார்த்துத் தகட்டை வெட்டினார். முதல் பிடிகள் எட்டும் பிழையாகிவிட்டன. எல்லாமே ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பெரிது.

"நீ தந்த அளவுதானேயப்பா இது!"

மலர் அக்கா பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "சுத்தி வர அரை இஞ்ச் தையலுக்கு விட்டிருக்கிறன். இரும்புக்குத் தையல் இல்லையெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

இது நடந்தது 1989 மார்ச்சில். அந்த வருடம் முடிவதற்குள் லொறி எழுந்து நின்றது. கரும்பச்சை நிறம், வட்டமான முன் விளக்குகள், நிமிர்ந்த கண்ணாடி. ஏழு அங்குல ஒட்டு எங்கே என்று எனக்குத் தெரியும். நான் படம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இரண்டாம் தரமும் தடவினேன். சில கோயில்களில், ஒரே கல்லோ பல கல்லோ என்று தெரியாத தூணைக் கைவைத்துப் பார்ப்போமே, அப்படி இருந்தது. ஒரு சட்டைத் தையல் இதைச் செய்யுமா? செய்தது.

இனி, எங்கள் பிழைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு மே மாதம், பழைய இலக்கத்தோடு ஓட்ட நாங்கள் அனுமதி கேட்டபடியால், வாகனப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓர் அதிகாரி லொறியைப் பார்க்க வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து இரண்டு தரம் சுற்றி வந்தார். பொனற்றைத் தடவிப் பார்த்து, "எங்கே ஒட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மலர் அக்கா சிரித்ததோடு சரி.

"காட்டுங்கோவன் அக்கா," என்றேன்.

"காட்டினாப் பிறகு மனுசன் அதை மட்டும்தான் பாக்கும். சும்மா இருங்கோ தம்பி."

அதிகாரி அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "பழைய சேஸி எங்கே?"

அந்த நேரத்தில் நான் என் கோப்பை நீட்டினேன். பெருமையோடு நீட்டினேன். இரண்டு வருட உழைப்பு. அவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். '1988 ஜூன் 12, ஞாயிறு. பழைய சேஸி நான்காக வெட்டப்பட்டு இரும்புக் கடைக்காரரிடம் கொடுக்கப்பட்டது. தேநீர் இரு தரம்.' பக்கத்தில் படம் வேறு. படத்தில் தவம் அண்ணை ஒரு துண்டை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார்.

"மிகவும் ஒழுங்கான ஆவணம்," என்றார் அதிகாரி. உண்மையிலேயே பாராட்டித்தான் சொன்னார்.

பிறகு விளக்கினார். இங்கே ஒரு வாகனத்தின் அடையாளம் பெரும்பாலும் அதன் சேஸியில் இருக்கிறது. சேஸி, எஞ்சின், அச்சு, ஸ்டியரிங்... கீழே உள்ள எல்லாமே இன்னொரு வண்டியுடையவை. மேலே மட்டும் பழையது என்றால் பழைய இலக்கத்தைக் கொடுக்க முடியாது.

எங்கள் ஊரில் யாராவது இதைக் கேட்டிருப்பார்களா? எழுபதுகளில் இறக்குமதி நின்றுபோயிருந்தபோது யாழ்ப்பாணத்து லொறிகள் எப்படி ஓடின? எஞ்சின் ஒன்றிலிருந்து, சேஸி இன்னொன்றிலிருந்து, சில்லு கிடைத்த இடத்திலிருந்து. இலக்கத் தகடு மட்டும் முன்னால் பூட்டியபடியே இருக்கும். தகடு எதில் இருக்கிறதோ அதுதான் லொறி. தவம் அண்ணை பழகிய சட்டம் அது. சரி, வாசிக்கிற பழக்கம் உள்ள நான்? பழைய லொறிகளைப் பற்றி ஹரோ நூலகத்தில் பதினொரு புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். பதிவு அலுவலகத்தின் சின்னத் துண்டுப் பிரசுரத்தை மட்டும் வாசிக்கவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கியூ.

தவம் அண்ணை லொறியைக் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டிவிட்டார். "எல்லாத்தையும் மாத்து, நம்பரை மட்டும் வைச்சிரு எண்டுதான் மனுசன் கேட்டது. நான் எல்லாத்தையும் வைச்சிருந்து நம்பரைத் துலைச்சுப் போட்டன் ஐசே," என்றார். மாதம் ஒரு தரம் ஸ்டான்லியைப் பார்க்கப் போகிறவர், ஜூனில் போகவில்லை. ஜூலையிலும் போகவில்லை.

ஆகஸ்டில் மலர் அக்கா தலையிட்டார். பழைய தகட்டை எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். "உதென்ன, ஒரு மூலை நெருப்பில சுட்ட மாதிரிக் கறுத்துப் பொங்கிக் கிடக்கு?" என்றவர் அதை ஒரு சட்டைத் துணியில் சுற்றினார். "லொறி இருக்கு, உங்களுக்கு வாய் இருக்கு. போய்ச் சொல்லுங்கோ. கை குடுத்தவர் ஒளிக்கப்படாது."

அப்படித்தான் சென்ற ஞாயிறு நாங்கள் மூவரும் என்ஃபீல்டுக்குப் புறப்பட்டோம். பஸ் தரிப்புகளில் நின்றவர்கள் கை காட்டினார்கள். தவம் அண்ணை ஒருவருக்கும் பதிலுக்குக் கை காட்டவில்லை.

ஸ்டான்லி இல்லத்தின் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். லொறி உள்ளே வந்ததும் வாயில் இருந்த பிஸ்கட்டை மெல்ல மறந்துவிட்டார். கிட்டத் தள்ளச் சொன்னார். கதவைத் திறந்து மூடச் சொன்னார். 'டக்' என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தரம்," என்றார். ஐந்து தரம் திறந்து மூடினோம்.

அதன் பின்னர் தவம் அண்ணை சொன்னார். சேஸி, அதிகாரி, கியூ... ஒன்றையும் மறைக்கவில்லை. மலர் அக்கா துணியை விரித்துத் தகட்டை அவர் மடியில் வைத்தார்.

ஸ்டான்லி வெகுநேரம் அந்தக் கறுத்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "இது இந்த லொறியின் நம்பரே இல்லை."

எங்களுக்கு விளங்கவில்லை.

"1938 இல் அப்பா வாங்கிய லொறி யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்துபோனது. சாம்பலுக்குள் கிடைத்தது இது மட்டும்தான். அவர் யாரிடமோ இந்தப் பழைய லொறியை வாங்கி இதைப் பூட்டிக்கொண்டார். அந்தக் குழப்பத்தில் யார் கேட்டது? இது எந்த வருடத்து லொறி என்று அவருக்கே தெரியாது. செத்த லொறியின் நம்பர் என்றாலும் ஓடட்டும் என்பார்."

வயது தெரியாது என்று அரசாங்கம் எழுதியது சரி. பெரிய எழுத்தில் '1938' என்று எழுதி நான் அடிக்கோடிட்ட முதல் பக்கம்தான் பிழை. தவம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் லொறியைப் பார்த்தேன். யுத்தத்துக்கு முந்திய ஒரு தகட்டைப் பறிகொடுத்து, பிறந்த நாள் தெரியாமல், இன்னொருவரின் முதுகெலும்பில், தையல்காரி ஒருவரின் ஒட்டோடு அது வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஓடட்டும் எண்டுதானே கேட்டவர்?" என்றார் மலர் அக்கா, யாரிடமும் இல்லாமல். அவருடைய கண் ஸ்டான்லியின் நாற்காலியின் பின்பக்கத்தில் இருந்தது. கையில் எப்படியோ அளவு நாடா வந்திருந்தது. "அகலம் சரி. ரெண்டு போல்ட் போதும்."

தவம் அண்ணை இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தரமாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். லொறியில் இருந்து ஸ்பானரைக் கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் தகடு நாற்காலியின் முதுகில் ஏறிவிட்டது. ஸ்டான்லி தன்னை வாசலுக்கு வெளியே தள்ளச் சொன்னார். நடைபாதையில் அல்ல... தெருவில். தவம் அண்ணை தள்ளினார். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார்கள். பின்னால் வந்த ஒரு கார் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாக ஊர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து கோப்பில் எழுதினேன்: '1990 ஆகஸ்ட் 19, ஞாயிறு, பிற்பகல். மேற்படி இலக்கம் தன் மூன்றாவது சேஸியில் தெருவில் ஓடியது. தேநீர் இரு தரம்.'

இந்தத் தரம் கோப்பை நான் எந்த அதிகாரியிடமும் நீட்டுவதாக இல்லை.