என் ஜன்னலில் நின்ற முருகன்

கறுப்புச் சார்ட் பேப்பரில் நானே வெட்டிய பால முருகன் அவர். உயரம் இரண்டரை அடி. கையில் வேல், பின்னால் தோகை விரித்த மயில். வெட்டி எடுத்த இடங்களில் பட்டம் செய்யும் காகிதத்தை ஒட்டியிருந்தேன்: தோகைக்கு நீலமும் பச்சையும், பட்டுக்குச் சிவப்பு, முகத்துக்கு மஞ்சள். அதற்குப் பின்னால், கீழே ஒரு சின்னப் பலகையில் இரண்டு ஜீரோ வாட் பல்புகள். பிளேடு வழுக்கியதில் ஒரு கன்னம் மட்டும் உப்பிப்போய், கொழுக்கட்டையை வாயில் அடக்கிக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். இருட்டியதும் சுவிட்சைப் போட்டால் புனேயின் சாங்வியில் எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த முற்றம் முழுக்க அவர்தான் தெரிவார்.

புனேயில் தீபாவளி வந்தால் வீட்டுக்கு வீடு ஆகாச கந்தில் என்று காகிதக் கூண்டுவிளக்கு தொங்கும். எனக்குக் கூண்டு கட்ட வரவில்லை. கதை வெட்ட வந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் கஜேந்திரன், அடுத்த வருஷம் மார்க்கண்டேயன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜன்னலில் புராணம் எரிவதைக் கண்டு முதலில் கைதட்டியவர் எதிர்க் கட்டடத்து மராத்தி அம்மாள். அவரைக் காக்கு என்று கூப்பிடுவேன், சித்தி மாதிரி. அவர் கணவர் காக்கா. "காக்கா எப்படி இருக்கார்?" என்று சிரிக்காமல் கேட்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அவருக்கு இதயம் பலவீனம். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, அவர்கள் ஜன்னலோரம்தான் அவருடைய கட்டில். யமனை விரட்டிய மார்க்கண்டேயனைச் சங்கராந்தி வரை கழற்றாதே என்று காக்கு கேட்டுக்கொண்டார். மைதா பசை காய்ச்சித் தந்ததும் அவர்தான்.

அவருக்குக் குழந்தை இல்லை. எனக்கு அம்மா இல்லை. நான் உண்டானபோது, பிரசவத்துக்கு யார் கூட இருப்பார்கள் என்ற பயம் என்னை அரித்தது. கணவர் தளேகாவ் ஃபாக்டரிக்குப் போனால் லோக்கல் ரயில் பிடித்துத் திரும்ப இருட்டிவிடும். காக்கு என் தோளைத் தட்டி, "மீ ஆஹே நா" என்றார். நான் இருக்கேனே என்று அர்த்தம். அந்த மூன்று வார்த்தையை நம்பித்தான் நான் இருந்தேன்.

போன வருஷம் சஷ்டி விரதம் இருந்து உண்டான குழந்தை. அதனால் இந்த வருஷம் ஜன்னலில் முருகன்தான் என்று முடிவு செய்தேன். காக்குவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே வெட்டினேன். சஷ்டி ஆரம்பித்த அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எதிர் ஜன்னலைப் பார்த்து நின்றேன். காக்கு வந்தார். மயில் தோகை கண்ணில் பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். படார் என்று ஜன்னல் மூடிக்கொண்டது.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பவள். மறுநாள் அவர் ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டப்பட்டிருந்தது. முற்றத்தைக் குறுக்கே கடந்து வருபவர், இப்போது கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். நான் சோதித்தே பார்த்துவிட்டேன். ஒரு நாள் விளக்கைப் போடாமல் இருந்தேன். எதிர் ஜன்னல் திறந்திருந்தது. மறுநாள் போட்டேன், மூடிக்கொண்டது. என் வீட்டு வெளிச்சம் அவருக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பிள்ளை வரம் கொடுத்த சாமியை இவ்வளவு ஜோராக நிறுத்தினால் பிள்ளை இல்லாதவருக்கு எரியாதா? அப்படித்தான் யோசித்தது என் புத்தி. திண்டுக்கல்லிலிருந்து போனில் பேசிய நாத்தனார் அதற்கு நெய் ஊற்றினார். "அவ கண்ணு நல்ல கண்ணு இல்ல. அவ குடுக்கிறத வாயில வச்சிராத" என்றார். அந்த வாரம் காக்கு கட்டட வாட்ச்மேன் கையில் டிங்க் லட்டு கொடுத்தனுப்பினார், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று சாப்பிடுகிற கோந்தும் நெய்யும் போட்டுச் செய்வது. நேரில் வர முடியாதவர் லட்டு மட்டும் எதற்கு அனுப்புகிறார் என்று அத்தனையையும் குப்பையில் கொட்டினேன். பிரசவத்துக்கு அவர் வர மாட்டார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

கார்த்திகைக்கு இன்னும் சில நாள் இருந்தது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டுத் திரும்பும்போது பனிக்குடம் உடைந்தது. ஜன்னலடியிலேயே சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் வரவில்லை. வேறு பெயர் எதுவும் வாயில் வராமல் "காக்கு!" என்று கத்தினேன்.

ஓடி வந்தார். வந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்கு வலியோடு கோபமும் சேர்ந்தது. முந்தானையைக் கழுத்து வரை இழுத்து முகத்தை மூடியிருந்தார். வாசலிலிருந்து சுவரைத் தடவித் தடவி வந்தார். இந்த நேரத்திலும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா? எழுந்திருக்கப் பார்த்தேன், ஈரத்தில் கால் வழுக்கியது. என் அலறலைக் கேட்டு அவர் முந்தானையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என்னைத் தாங்கிப் பிடித்தார். என் தலைக்கு மேலேதான் முருகன். உள்ளிருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரிவார். வேல் மட்டும் மறு கைக்கு மாறியிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய சிவப்பும் நீலமும் காக்குவின் முகத்தில் விழுந்தன. அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறக்கும் வரை என் கையை விடவில்லை.

மறுநாள் காலையில் கேட்டே விட்டேன், ஏன் ஜன்னலை மூடினீர்கள் என்று. அவர் மராத்தியும் ஹிந்தியும் கலந்து சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "எங்க பக்கம் இவர் கார்த்திக் சுவாமி, பிரம்மச்சாரி. பொம்பளைங்க அவரைப் பார்க்கக் கூடாது. பார்த்தா புருஷன் போயிடுவான்னு சொல்லுவாங்க. மயில் கண்ணுல பட்டதுமே முகத்தைத் திருப்பிட்டேன். காக்கா இருக்கிற நிலைமைல எனக்குத் துணிச்சல் வரலை."

"விளக்கை அணைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, காக்கு?"

"உன் வீட்டுச் சாமியை அணைன்னு நான் எப்படிச் சொல்றது?"

எங்கள் ஊரில் அவருக்கு வள்ளி, தெய்வானை என்று இரண்டு மனைவி என்றேன். "ரெண்டா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லட்டைக் கொட்டியதையும் சொல்லி அழுதேன். "அத்தனையும் நெய்யாச்சே!" என்று திட்டிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் முந்தானையை விட்டதைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசவில்லை.

வீடு திரும்பியதும் முருகனைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், காக்கா போய்விட்டார். என் சந்தேகம் இப்போது திசை மாறியது. காக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம், உன்னால்தானே என்று நினைக்கிறாரோ என்று தோன்றும். அவர் சிரித்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவேன். அவர் தட்டில் கொண்டுவரும் எதையும் இப்போது மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் சஷ்டி அன்று சாயங்காலம் காக்கு தானாக வந்தார். "அந்த முருகன் எங்கே? எடுத்து வை. எனக்கு இனிமே என்ன பயம்?" என்றார். எடுத்து வைத்தேன். காகிதம் அங்கங்கே மடிந்திருந்தது. பல்பு எரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு நேர் எதிரே உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எவ்வளவு சின்னப் பையன்! இவனுக்கா பயந்தேன்?" என்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "அன்னிக்கு உன்னைத் தூக்கினேனே, அப்போ நான் இவனைப் பார்த்தேனா? எனக்கு நினைவில்லை. நீதான் என் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தே. சொல்லு" என்றார்.

என்னைக் குற்றம் சொல்கிறார் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அவர் சந்தேகப்பட்டது தன்னையே.

"பார்க்கலை, காக்கு. முந்தானை கழுத்து வரைக்கும் இருந்தது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஊரில் எல்லாரையும் நான் அப்படித்தான் பார்ப்பேன். "நிஜமா?" என்றார்.

இடுப்பில் இருந்த மகளின் தலையில் கையை வைத்தேன். "சத்தியமா" என்றேன்.

இப்போது புனேயிலேயே மகர்பட்டாவில் பத்தாவது மாடியில் இருக்கிறோம். எதிரே ஜன்னல் எதுவும் இல்லை. தீபாவளிக்கு மகள் கடையில் வாங்கிய சீரியல் பல்புகளை மாட்டுகிறாள். அவளுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டாலும், தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன் எனக்கு அந்தச் சத்தியம்தான் நினைவுக்கு வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காக்கு இன்னொரு முறை வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.