வீடு என்று நான் பதிந்த பொய் முகவரி

யுத்தம் முடிந்த மறு வருடம், மார்கழி மாதம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து என் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு, மல்வேர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, ஒரு மாத விடுமுறையில் போயிருந்தேன்.

போன மறுநாளே அத்தான் தன் பழைய போனைத் தந்தார். அதில் பஸ் பார்க்கும் ஆப் இருந்தது. எந்த பஸ், எங்கே ஏறுவது, எங்கே இறங்கி எப்படி நடப்பது என்று எல்லாம் அதுவே சொல்லும். "'ஹோம்' எண்ட இடத்திலை எங்கடை அட்ரஸைப் போட்டு வையும். எங்கை துலைஞ்சாலும் அதை அமத்தினால் வீட்டை கொண்டுவந்து விடும்," என்றார்.

போட்டேன். ஆனால் எங்கள் முகவரியை அல்ல. வரும்போது காரில் கண்ட, கிட்ட இருந்த தெரு ஒன்றின் பெயரையும் வாயில் வந்த ஒரு இலக்கத்தையும் போட்டேன். சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ்ச் சனத்துக்கு இது விளங்கும். ஓட்டோவில் வந்தால் ஒரு ஒழுங்கை முன்னாலேயே இறங்கி நடப்போம். இருக்கிற வீட்டை யாருக்கும் சரியாகச் சொல்ல மாட்டோம். யுத்தம் முடியச் சில மாதங்களுக்கு முன் என் தம்பியை வாசலில் வைத்தே ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டை யாரோ காட்டிக் கொடுத்துத்தானே வந்தார்கள்? இதற்குப் பிறகு ஒரு போனுக்கு வீட்டைச் சொல்வேனா நான்!

ஒருநாள் அக்காவும் அத்தானும் வேலைக்குப் போய்விட்டார்கள். "தனியப் போகாதை, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்," என்று அக்கா சொல்லித்தான் போனாள். நான் கேட்டால்தானே! மகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வோபர்னில் ஒரு தமிழ்க் கடைக்கு இடியப்ப மா வாங்கப் போனேன். திரும்பி வர 'ஹோம்' என்பதை அமத்தினேன். பஸ்ஸுக்குள் இருக்கும்போதே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

ஆப் சொன்ன தரிப்பில் இறங்கினோம். ஆறு நிமிடம் நடக்கச் சொன்னது, நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் வைத்து, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. அங்கிருந்து இரண்டு தெரு தாண்டினால் அக்கா வீடு என்பது என் கணக்கு. ஆனால் எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கராஜ் கதவு. தெருப் பெயர்களைப் பனி மூடியிருந்தது. மாலை நாலரைதான், ஆனாலும் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு சனம் இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. எங்கள் சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வளைந்து வளைந்து நடந்தோம். ஓரிடத்தில் பனியில் யாரோ நடந்துபோன அடையாளம் தெரிந்தது. அப்பாடா, ஆள் இருக்கிறது என்று கிட்டப் போனேன். ஒரு பெரிய காலடி, பக்கத்தில் ஒரு சின்னக் காலடி. எங்களுடையதுதான். சுற்றி அதே வாசலுக்கே வந்திருந்தோம். போனைப் பார்த்தேன், குளிரில் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். எங்கள் காலடிகளின் மேல் ஒரு வாகனத்தின் சில்லுத் தடம் இருந்தது. நாங்கள் திரும்பின முனையில் அதுவும் திரும்பியிருந்தது.

நிமிர்ந்தேன். தெரு முனையில், நடக்கிற வேகத்தில் ஒரு வெள்ளை வான் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜன்னல் இல்லாத வான்.

அது கனடா என்பதெல்லாம் மறந்துவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின் கராஜ் ஓரத்தில் இருந்த குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினேன். அவள் வாயைப் பொத்தினேன். வான் நின்றது. கதவு இழுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ," என்றது ஒரு ஆண் குரல். தமிழ்! ஆனால் நான் இன்னும் உள்ளே ஒடுங்கினேன். தம்பியைக் கூப்பிட்டவர்களும் தமிழில்தான் கூப்பிட்டார்கள்.

"பிள்ளையின்ரை கையுறை பஸ் ஸ்டொப்பிலை கிடந்தது. அதைக் குடுக்கத்தான் காலடி பாத்து வந்தனான்." தொட்டி மூடியின் மேல் ஒரு சின்னச் சிவப்புக் கையுறையை வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். தொப்பி போட்ட, நரைத்த தாடியுள்ள முஸ்லிம் பெரியவர். "எங்கை போகோணும்?"

அப்போதும் ஆப்பில் போட்ட பொய்யைத்தான் சொன்னேன். அவர் கதவிலிருந்த இலக்கத்தைப் பார்த்தார். "தங்கச்சி, அந்த வீட்டு வாசலிலைதானே நிக்கிறியள்?"

அவர் சிரிக்கவில்லை. "வீட்டைச் சொல்ல வேண்டாம். நாங்களும் தொண்ணூறிலை, முஸ்லிம் எண்டு யாழ்ப்பாணத்தாலை துரத்தப்பட்ட ஆக்கள்தான், எனக்கு விளங்கும். கிட்ட உள்ள ஒரு கடையைச் சொல்லுங்கோ, அதிலை இறக்கி விடுறன்."

மகள் "அம்மா, நித்திரை வருது," என்றாள். உதடு நீலம். இவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டிருந்தவள் நடுங்குவதை நிறுத்தியிருந்தாள். அதற்கு மேல் என்ன யோசனை? அக்கா வீட்டுத் தெரு, இலக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

முன் கதவைத் திறந்து ஏற்றினார். தன் ஜக்கெட்டைக் கழற்றி மகளைச் சுற்றினார். தன் போனை என் கையில் தந்து, "அக்காவோடை கதைச்சுக்கொண்டே வாங்கோ," என்றார். பின்னால் முழுக்க பேக்கரிப் பாண் தட்டுகள். வானெல்லாம் சூடான பாண் மணத்தது. மகள் கையில் ஒரு இனிப்புப் பணிஸைக் கொடுத்தார்.

இரண்டு நிமிட ஓட்டம்தான். எங்கள் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டார். "நான் இதிலை திருப்பிறன், நீங்கள் போங்கோ," என்றார். எந்த வாசலுக்குள் போகிறோம் என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவே அத்தானின் போனில் சரியான முகவரியைப் போட்டேன்.

தம்பி எங்கே என்று இன்றுவரை தெரியாது. கொழும்பு திரும்பி ஒரு வாரம் இருக்கும், காலி வீதியில் ஒரு வெள்ளை வான் போனது. மகள் "பாண் அங்கிள்!" என்று கத்திக் கை காட்டினாள். பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். அடுத்த தடவை அவள் கை காட்டியபோது, தடுக்கப்போன என் கையை இழுத்துக்கொண்டேன். என் பயத்தை அவளுக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.