டாங்கிக்குக் கம் அடித்தோம்

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அடிப்போம். சுவருக்குச் சாயம் அடிப்போம், கொசுவுக்கு மருந்து அடிப்போம், அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிப்போம், நான் ஓயாமல் அரட்டை அடிப்பேன். ஆகவே மாமாவும் நானும் பிளாஸ்டிக் பொம்மை டாங்கி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தபோது, பசை தடவுவதை அதற்குக் கம் அடிப்பதாக நான் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. இதை நான் இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கடைசி அறையில் எங்களோடு இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்று அம்மா என்னிடம்கூடக் கேட்காத கேள்விகளையெல்லாம் அவரிடம் கேட்பாள். தொழிற்சாலை பஸ் கொஞ்சம் தாமதமானால் போதும், நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டு நிற்பாள். பெண் பார்க்கிற வயதில் இருக்கிற ஆளைப் பால்வாடிக்கு அனுப்பின பிள்ளை மாதிரி நடத்துகிறாளே என்று அப்பா கிண்டல் செய்வார். எனக்கு இப்படி ஓர் அக்கா இல்லையே என்று மட்டும் நான் பொறாமைப்பட்டேன்.

கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாலில், மாடியில் இருந்த சீனர் கடையில் அந்த டாங்கியை வாங்கினோம். பெட்டியின் மேலே புழுதியைக் கிளப்பிக்கொண்டு, குழாயிலிருந்து நெருப்புக் கக்கிக்கொண்டு ஒரு பெரிய டாங்கி. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே டாங்கியே இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், போய்க் கேட்போம் என்று நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாமா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

பிறகுதான் வேலை ஆரம்பித்தது. நகவெட்டியால் துண்டை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் நிற்கிற முள்ளை, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்த நக அரத்தால் தேய்க்க வேண்டும். கம் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் போல இருந்தது. மூடியிலேயே ஒரு தூரிகை. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்தால் கம் தானாக உள்ளே ஓடிப் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். காய்ந்த பின் அதைப் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். சக்கரங்கள் எல்லாம் என் பொறுப்பு. ஒரு டாங்கிக்கு இத்தனை சக்கரமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. மேலே சுற்றுகிற கூண்டும் பீரங்கிக் குழாயும் மாமாவின் பொறுப்பு.

மின்விசிறி சுற்றினால் துண்டுகள் பறக்கும், காயாத சாயத்தில் தூசு படியும் என்பதால் அறைக் கதவைச் சாத்திவிட்டு சன்னலை மட்டும் விரியத் திறந்து வைப்போம். வியர்வையில் குளித்துவிடுவோம். கம் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் மாமா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொள்வார். என்னையும் அப்படியே செய்யச் சொல்வார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தூரிகையைப் பிடுங்கிக்கொள்வார். மற்ற நேரத்தில் கோபமே வராத மனிதர் இந்த ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு என்று எனக்குப் புரியவில்லை. டாங்கி செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் முகத்தைத் திருப்புவார்கள் போலிருக்கிறது என்று நானும் ஸ்டைலாகத் திருப்பினேன்.

அம்மா அடிக்கடி வருவாள். தட்ட மாட்டாள், சட்டென்று கதவைத் திறப்பாள். எங்களைப் பார்ப்பாள், மேசையைப் பார்ப்பாள், காற்றை முகர்ந்து பார்ப்பாள், போய்விடுவாள். டாங்கி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசை என்று நினைத்து, நான் ஒவ்வொரு தடவையும் தூக்கிக் காட்டுவேன். அப்பா வாசலில் நின்றபடி, "டேங்க்தான கட்டுறீங்க, அப்படியே மேல தண்ணி டேங்க்கயும் பாருங்க, காலைலேர்ந்து தண்ணி வரல" என்பார்.

இதற்கிடையில் மாமாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவர் வேலை செய்கிற இடத்திலேயே ஒரு அக்கா. அவர்களாகவே பேசிப் பழகி, பிறகு மாமா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு கோயிலுக்குப் போய் வந்தாள். அந்த அக்காவின் அப்பா பைராம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளை யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் மாப்பிள்ளை வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் பேசுவது என்று சொல்லிவிட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிபோங் திபாலிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வருவதாக ஏற்பாடு.

அன்றைக்கு வீடே பளபளத்தது. அம்மா கேசரி கிண்டினாள், வடை சுட்டாள். எனக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கேட்டா மட்டும் பதில் சொல்லு. மாமாவப் பத்தி நல்லதா சொல்லு." மாமா மட்டும் பதற்றம் தாங்காமல் அறைக்குள் போய், டாங்கியின் கூண்டுக்கு மூடி ஒட்டிக்கொண்டிருந்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றார். அம்மா கூப்பிட்ட பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அவர் பெரிய உடம்பு, நல்ல மீசை, நாற்காலியே நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் ஒல்லி. நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்ததிலேயே எங்கள் வீட்டு வரவு செலவெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. மாமாவின் வேலை, ஷிப்ட், சொந்தபந்தம் எல்லாம் விசாரித்தார்கள். மாமா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அப்பா காலை நீட்டி உட்கார ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அந்த அம்மாள் என்னை அருகில் கூப்பிட்டு, "மாமா வேல விட்டு வந்தா என்னாம்மா செய்வாரு? கூட்டாளிங்களோட வெளிய சுத்துவாரா?" என்று கேட்டார்.

இதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தேன். "இல்ல ஆன்ட்டி, எங்கயும் போக மாட்டாரு. ரூம்ல கதவ சாத்திக்கிட்டு கம் அடிப்பாரு. நானும் சேர்ந்து அடிப்பேன்" என்றேன்.

கம் அடிப்பது என்றால் கம்மை உறிஞ்சிப் போதை ஏற்றிக்கொள்வது என்று எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. அந்த அம்மாளின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. ஆனால் அந்தப் பெரியவர் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பட்டுப் பாவாட கட்டிக்கிட்டு கம் அடிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன் லா" என்று என் கன்னத்தைத் தட்டினார். அந்த அம்மாள் முகத்திலும் சிரிப்பு வர ஆரம்பித்தது. அதை நான் பார்த்தேன். எதற்குக் கம் என்று பெரியவர் கேட்டார், நான் டாங்கியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் வடைத் தட்டு தரையில் விழுந்தது. அம்மா சமையலறை வாசலிலிருந்து நேராக மாமாவிடம் வந்தாள். அவர் வலது கையைப் பிடித்துத் தூக்கி, விரல்களைத் தன் மூக்கில் வைத்து முகர்ந்தாள். காலையில் ஒட்டிய கம் வாசனை அதில் இருக்கத்தான் செய்தது.

"மறுபடியுமாடா தம்பி" என்றாள். "பிள்ளையையும் சேத்துக்கிட்டியா."

அம்மா அழுது பார்த்திருக்கிறேன், கத்திப் பார்த்திருக்கிறேன், இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு வடை உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. யாரும் குனியவில்லை. அப்பா பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். மாமா கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. முகம் வெளுத்துப்போய், அம்மா பிடித்திருந்த தன் கையை யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் டாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதுக்குத்தான் ஆன்ட்டி, இதுக்குத்தான் என்று சொல்லிக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். அவள் பார்க்காத டாங்கியா அது? பத்துத் தடவையாவது வந்து பார்த்துவிட்டுப் போனவள்தான். மாமாவின் கையை மெல்ல விட்டாள். இதோ எல்லாம் சரியாகிவிட்டது, இனி எல்லாரும் சிரிப்பார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. மாமா பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மறுபடியும்னா, என்னா தம்பி?"

வாய் தவறி வந்துவிட்டது, அது ஒன்றுமில்லை அண்ணே என்று அப்பா குறுக்கே வந்தார். மாமா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ஸ்கூல்ல படிக்கிறப்ப, ஐயா. கெட்ட சேர்க்க. கம்மு அடிச்சேன். புடிச்சி போத மறுவாழ்வு சென்டர்ல போட்டாங்க. வெளிய வந்ததுலேர்ந்து எதையும் தொடல. நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். அந்த ஒரு காலைப் பொழுதில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நான் கைக்குழந்தையாக இருந்த அந்த நாட்களில் மாமா ஈப்போவில் வேலை பார்த்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். பெரியவர் டாங்கியின் குழாயை ஒரு விரலால் தொட்டு, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். அம்மா ஓடிப்போய் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மாள் கையை நீட்டவில்லை. இன்னொரு நாள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். இன்னொரு நாளும் வருவார்களாம், அப்போது டாங்கிக்குச் சாயமே அடித்து முடித்திருப்போம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை. அந்த அக்கா வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு மாமா ஜொகூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தீபாவளிக்கு வருவார், சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் இந்தக் கதைக்கு ஒரே ஒரு தலைப்புத்தான். இவள் வாயால் கெட்டது. கல்யாண வீடு, சாவு வீடு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளுக்குள் வெந்துபோவேன். என் சொல்லைக் கேட்டு அந்தப் பெரியவர் சிரித்தார் என்பதும், அவர் சிரிப்பை நிறுத்தியது வேறொரு சொல் என்பதும், நான் வளர்ந்து ஒரு நாள் இந்தக் கதையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆனது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மாமாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. கார் கிளம்பிப்போன சத்தம் அடங்கியதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். என் தம்பி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே, உனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நல்லது சொல்லச் சொன்னாள், நல்லதைத்தானே சொன்னேன்? மாமா தரையில் குந்தி, சிதறிக் கிடந்த வடைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: "பிள்ள ஒண்ணும் தப்பா சொல்லலக்கா."

வீட்டில் எனக்காகப் பரிந்து பேச ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மாமாவின் முதுகைக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. மெல்லச் சுவரோரம் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மாமாவையே பார்த்தாள். மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. திட்டு வாங்கியவள் நான், என்னைத் தேற்றுவதை விட்டுவிட்டு அம்மா எதற்காக இப்படி அழுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.