ராஜினாமா கேட்ட மெக்கானிக்

கண்ணில் மருந்து விட்டிருந்த வேளையில்தான் அந்தக் காரை முதலில் பார்த்தேன். புதுச்சேரியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நானும் என் கணவரும் வெளியே வந்தபோது தெருவே ஒளியில் மிதந்துகொண்டிருந்தது. மரங்களுக்கு ஓரம் இல்லை, சுவர்களுக்கு மூலை இல்லை. ஒரு பழைய வீட்டின் கேட்டுக்குள் மாதுளை நிறத்தில் ஏதோ ஒன்று தாழ்வாகப் படுத்திருந்தது. கிட்டப் போனால் கார். இரண்டே இருக்கை, கூரைக்குப் பதிலாக மடக்கி வைத்த துணி. செய்த நாட்டிலேயே செய்வதை நிறுத்திவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். விற்பனைக்கு என்று அட்டை தொங்கியது. அங்கேயே நின்று பேசி முடித்துவிட்டேன்.

"மருந்து எறங்குனப்புறம் பாத்திருந்தா வாங்கியிருக்க மாட்ட" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.

இருக்கலாம். ஆனால் அன்று டாக்டர் சொன்னது என் காதில் இன்னும் கிடந்தது. கண்ணுக்குப் பின்னால் நரம்பு தளர்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இன்னும் கொஞ்ச காலம் பகலில் வண்டி ஓட்டலாம். எதிரே வெள்ளையாகப் புகை படர்ந்தது போலத் தெரிய ஆரம்பித்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து சரக்கு வேன் ஓட்டுபவள் நான். ஓட்டாத என்னை எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்தது. கூரை இல்லாத இந்தக் காரை ஒரு விடியற்காலையில் விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாகச் சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் நானே ஓட்டிப் போக வேண்டும். கண் போவதற்குள்.

மினி லாரியில் கார் வந்து இறங்கிய அன்று எதிர்க் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மிச்ச காரு அடுத்த லோடுல வருதுங்களா?"

இருந்த கார் ஓடவே இல்லை. உறுமும், இருமும், தெருமுனையில் நின்றுவிடும். நெய்வேலி, கடலூர் என்று கேட்டுப் பார்த்தோம். பானெட்டைத் திறந்ததும் எல்லோரும் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். வாயெல்லாம் தேன். "கவலய வுடுங்கக்கா, நம்ம கையில வுட்டுட்டீங்க இல்ல" என்றான். விட்டேன். சீக்கிரமே காரை ஓடவும் வைத்துவிட்டான்.

எங்கள் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்கிறோம். சூளையிலிருந்து இறங்கியதை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது தொப்பென்று விழும். கண்ணைவிடக் காதைத்தான் நான் அதிகம் நம்பி வாழ்ந்திருக்கிறேன். அந்தக் கார் ஓடிய சத்தம் எங்கள் சரக்கு வேனின் சத்தமாக இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஜோடியாக இருந்த இரண்டு கார்புரேட்டரையும் காணோம். அந்த இடத்தில் ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய ஒன்று உட்கார்ந்திருந்தது. பழசு எங்கே என்று கேட்டால், "அது வேஸ்ட்டுக்கா, போட்டாச்சு" என்றான். எங்கே போட்டாய் என்று கேட்டதும் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பிறகு போனையும் எடுக்கவில்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நேராக மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் போலீசுக்குப் போகாத வழக்கெல்லாம் அங்கேதான் போகும். குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் பிராது கட்டிவிட்டால் அவர் விசாரித்துக்கொள்வார். காரியம் முடிந்ததும் போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு அங்கே ராஜினாமா என்று பெயர். நான் அவன் பேர், ஊர், காணாமல் போன பொருள் எல்லாம் எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். சில நாளிலேயே அவன் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று சேதி வந்தது. அன்று நான் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் கார்புரேட்டர் வரவில்லை. பட்டறையில் ஒரு நாள் தட்டினால் கேட்காத மேல்பூச்சுக் கீறல் என் கண்ணுக்கு எட்டாமல் ஒரு பெட்டிச் சரக்கு வெளியே போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எழுந்ததும் ஜன்னல் கம்பிகளை உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் ஜங்ஷன் ரோட்டில் புதிதாக ஷெட் போட்டிருந்த பாயைப் பற்றித் தெரிந்தது. நெடுங்காலம் வளைகுடாவில் இருந்தவர், அங்கே பழைய கார்கள் சேர்க்கும் ஒரு பணக்காரரின் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவர். அத்தர் மணக்க, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மெக்கானிக் இப்படி வந்தால் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்? காரைச் சுற்றி வந்தவர் கெட்ட சேதிகளை ஒவ்வொன்றாக, ஒரு மாதிரி ருசித்துச் சொன்னார்.

"அடித்தகடு துரு. மேல பெயிண்ட் அடிச்சு ஏமாத்தியிருக்காங்க. பிரேக்கு இந்த நெலமயில இருந்தா நானே உக்கார மாட்டேன். கார்புரேட்டரு ரெண்டும் வேணும், அது இல்லாம இது இந்த வண்டியே இல்ல."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கம்மாபுரத்தான் கதையையும் பிராதையும் சொல்லி வேலையைக் கொடுத்தேன். தகட்டை மாற்றினார், பிரேக்கைப் பிரித்து மாட்டினார். பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றபடி பேசினார்.

"அக்கா, அந்தப் பையனப் போயிப் பாத்தேன். ரெண்டும் அவன்கிட்டதான் இருக்குது. குடுத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், சாமி இன்னொரு கையயும் எடுத்துக்கும்னு நடுங்குறான். நீங்க மொதல்ல ராஜினாமா பண்ணிடுங்க."

"பொருளு வந்தப்புறந்தான் பாய் ராஜினாமா. அதான் மொற."

"ராஜினாமா ஆனாத்தான் பொருளு வரும்ங்குறான் அவன்."

"நான் பண்ணிட்டு, அவன் குடுக்கலன்னா?"

பாய் தன் ஷூவில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். "குடுப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரியலக்கா. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

கவலய வுடுங்க என்று அவர் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். மறுநாள் காலை மணவாளநல்லூருக்குப் போனேன். முறை தவறித்தான் செய்கிறேன், என் பக்கம் நியாயம் அப்படியே இருக்கிறது முருகா, வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ராஜினாமா கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நாள்கள் மிதந்து போயின. அவன் வரமாட்டான் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு மத்தியானம் கையில் கட்டோடு வாசலில் வந்து நின்றான். மற்ற கையில் ஒரு சாக்குப் பை. அதை இறக்கி வைப்பதற்கு முன்னால் கேட்டான்: "ராஜினாமா பண்ண சீட்டு இருக்குதுங்களாக்கா? ஒரு தடவ பாத்துக்கறேன்."

காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

"எங்கயும் போடலக்கா. கழட்டிட்டேன், திருப்பி மாட்டத் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துது."

எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் டீ கொடுத்தேன். ஒற்றைக் கையால் அவன் டம்ளரைப் பிடித்துக் குடிப்பதைப் பார்க்கையில் அந்தத் தோசை என் நினைவுக்கு வந்தது.

பாய் இரண்டையும் மாட்டி, மாறி மாறிக் காது வைத்து, ஒன்றுக்கொன்று இணங்கும்வரை திருகினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு கணத்தில் இரண்டு மூச்சும் ஒரே மூச்சானது. கணீர் என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

தை மாதத்து விடியலில் கிளம்பினோம். முதல் ஓட்டத்தில் மெக்கானிக் கூட இருக்க வேண்டும் என்று பாய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். என் கணவர் வாசலில் நின்று, "மூணாவது ஆளுக்குத்தான் எடமில்லயே, போயிட்டு வாங்க" என்றார். என் கண்ணைப் பற்றி பாய்க்கு எதுவும் தெரியாது.

ஊர் தாண்டியதும் காற்று தலைக்கு மேலே திறந்துகொண்டது. கூரை இல்லாத காரில் போவதென்பது படுத்தபடி ஆற்றில் மிதப்பது மாதிரி இருக்கிறது. அறுப்புக்கு நிற்கும் நெல்லின் வாசனை, யாரோ அடுப்பு மூட்டிய புகை வாசனை, ஈர மண், எல்லாம் முகத்துக்கே வந்தன. கம்மாபுரம் கடந்தது. கியரை மாற்ற மாற்ற வண்டி என்னைப் புரிந்துகொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை என்று தோன்றியது.

இடது பக்கம் தூரத்தில் சுரங்கத்து மண்மேடு தெரிய வேண்டும். தெரியவில்லை. சாலையின் இரு கரையிலும் வெள்ளை மெல்ல எழுந்து வந்தது. வயல்கள் அதில் கரைந்தன. எதிரே வந்த பஸ் வெள்ளைக்குள்ளிருந்து பிறந்து வந்தது போல வந்து கடந்தது. அழகாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"பனி இன்னிக்கு ஜாஸ்தி இல்ல, பாய்?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

அவர் வெளியே பார்த்தார். எப்போதும் போலச் சொன்னார்.

"பனியா? பனியே இல்லீங்கக்கா. சேத்தியாத்தோப்பு வரைக்கும் தெளிவா இருக்குது."

நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. பிறகு தணிந்த குரலில், "லெஃப்டுல ஓரம் கட்டுங்க. எடம் இருக்குது, பயப்படாம எறக்குங்க" என்றார். இறக்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கி, காரைத் தொட்டபடியே சுற்றி வந்து அவருடைய இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் ஷூவைப் புல்லில் துடைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார்.

"திருப்பிடட்டுங்களா?"

"வேணாம். பாலம் வரைக்கும் போங்க."

போனார். என்னைவிட நன்றாகவே ஓட்டினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரத்தின் சத்தம் மாறியதும் பாலத்தில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தது. குளிர்ந்த காற்று கீழேயிருந்து வந்தது. எனக்கு எல்லாப் பக்கமும் வெள்ளைதான்.

"ஆத்துல தண்ணி இருக்குதா பாய்?"

வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். "கொஞ்சமா ஓடுதுங்கக்கா. அந்தக் கரையில நாலஞ்சு கொக்கு நிக்கிது."

கொக்குகள் நின்றன. அவர் சொன்னால் நிற்கும்.