கண்ணாடிக்குள் வந்த வாடிக்கையாளர்

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருநாள் அவர் கண்களில் விஆர் கண்ணாடியை மாட்டினார். அதற்குள் ஒரு துணிக்கடையும், எதிரே ஒரு வாடிக்கையாளரும் தெரியுமாம். என் கணவரின் தொழிலுக்கென்றே தேடிப்பிடித்த காட்சி அது.

சற்று நேரத்தில் கணவரின் வாய் கோணியது. மறுபடியும் பக்கவாதமோ என்று பதறி, கண்ணாடியைக் கழற்ற ஓடினேன்.

"இருங்கம்மா, பேசத்தான் பாக்குறாரு" என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா... வாங்க. இன்னா வோணும்?" என்றார் கணவர்.

எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட குரல்! அழுதுவிட்டேன். கருவி அதிசயம்தான்; அந்தப் பெண்ணின் பொறுமை அதைவிடப் பெரிது.

இப்போது கடைக்கு யார் வந்தாலும் நான் முந்திக்கொண்டு பேசுவதில்லை. கணவர் "இன்னா வோணும்?" என்று கேட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறேன். வந்தவர்களும் காத்திருக்கிறார்கள்.