ஓடைக்கரை வெண்தேக்கு

குற்றாலத்துக்கு மேலே மலையில் ஒரு பழைய தனியார் எஸ்டேட். கிராம்புச் செடிகளுக்கு நிழலாக விட்டுவைத்த காட்டு மரங்களை வெட்டி விற்க அதன் முதலாளி நினைத்தார். வெட்ட அனுமதி வேண்டுமென்றால், அங்கே அருகிவரும் உயிர்கள் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். ஒரு கம்பெனி மூலம் அந்த வேலைக்குத் தென்காசியிலிருந்து நான் போனேன். கூட வந்தவள் ஆலங்குளத்துத் தோழி. இருவரும் சேர்ந்து விலங்கியல் படித்தவர்கள்.

மரம் வெட்டும் கான்ட்ராக்டர் எங்களிடம் பிரியமாக இருந்தார். காலையில் வரும்போதே எங்களுக்கும் இட்லிப் பார்சல் வாங்கிவருவார். அட்டை கடித்தால் சுண்ணாம்பு எடுத்துத் தருவார். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிட்டோம்.

ஓடைக்கரையில் ஒரு பெரிய வெண்தேக்கு நின்றது. அதன் பொந்தில் இருவாச்சிப் பறவை ஒன்று அடைந்திருப்பதைத் தோழிதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தப் பொந்தைப் பாரு. அலகு தெரியுது."

பெட்டை இருவாச்சி பொந்துக்குள் போய், வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விடும். உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துபோகும். புதுச் சிறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. அதுவரை அதற்கும் குஞ்சுக்கும் சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்தக் கூடு இருந்தால் ஓடைப்பக்கம் முழுவதும் கோடாலி படாது. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எந்த மரம்னு காட்டுங்கம்மா," என்றார் கான்ட்ராக்டர். "நம்ம பயலுவ தெரியாம கை வச்சிரக் கூடாதுல்லா."

தோழி அந்த மரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினாள்.

அடுத்த வாரம் மேலே ஏறும்போதே மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்டு நின்றது. ஓடினோம். சுற்றியிருந்த மரங்கள் அப்படியே நின்றன. வெண்தேக்கு மட்டும் ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. பொந்து பிளந்து, குஞ்சு நசுங்கியிருந்தது. பெட்டை உயிரோடு ஒரு புதருக்குள் ஒண்டியிருந்தது. சிறகில்லாத இறக்கைகளை அடித்து அடித்து அது தாவ, வேலையாட்கள் குச்சியால் குத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோழி துப்பட்டாவை உருவி அதன்மேல் போட்டாள். அது அவள் கையைக் கொத்தியது. ரத்தம் வந்தும் அவள் விடவில்லை.

"தள்ளுங்கம்மா. பாவம், எதுக்குக் கெடந்து வதைபடணும்?" என்று கான்ட்ராக்டர் வந்தார். அதன் கழுத்தில் காலை வைத்து மிதித்தார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பிறகு ஓர் ஆளிடம் திரும்பி, "ஏலே, தலைய நசுங்காம எடுத்து வை. மொதலாளி ஹால்ல மாட்டணும்னு கேட்டாவ," என்றார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"காத்துல விழுந்துட்டும்மா." ரம்பம் அவர் காலடியிலேயே சூடாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சேவல் வந்தது. மரம் நின்ற வெறும் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து காத்திருந்தது. ஒருவன் கல்லெறிந்தான். அது பறந்துபோய், திரும்ப அதே கிளைக்கு வந்தது.

கம்பெனி மேலாளருக்குப் போன் செய்து அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப அங்க கூடு இருக்கா?"

"இல்ல சார். அதான் வெட்டிட்டாங்களே."

"அப்ப இல்லன்னுதானே எழுதணும்?"

அப்படி எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மறுத்தேன். வேறொருவர் போட்டார். வனத்துறைக்குப் படங்களோடு புகார் கொடுத்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் ஓடைப்பக்கம் மொட்டையாகிவிட்டது. கையில் தையல் பிரித்ததும் தோழி இந்த வேலையே வேண்டாமென்று போய்விட்டாள்.

போன மாதம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்த கான்ட்ராக்டரைப் பார்த்தேன். பேத்தியைத் தோளில் வைத்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்லா இருக்கியளாம்மா? ஆளே மெலிஞ்சிட்டிய. ஒழுங்கா சாப்பிடுதியளா?"

அவர் குரலில் நிஜமான கரிசனம் இருந்தது. நான் ஆலங்குளம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே நின்று குழந்தையின் கையைப் பிடித்து அவர் எனக்கு டாட்டா காட்ட வைத்தார்.